ஒரு நாவும் நான்கு எழுத்தும்

குழித்துறைத் தாமிரவருணி மலையிலிருந்து இறங்கி, தோட்டங்களையும் தென்னந்தோப்புக்களையும் கடந்து, அரபிக் கடலில் போய்ச் சேரும் இடத்தில் இருக்கிறது தேங்காய்ப்பட்டணம். பெயரைக் கேட்டதும் அன்பர்களுக்குத் தேங்காய் நினைவுதான் வரும். அதில் பிழை ஒன்றும் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் தென்னைதான். ஆனால் இப்பொழுது நான் சொல்லப் புகுந்தது தேங்காயைப் பற்றி அல்ல, எழுத்தைப் பற்றி. மனிதன் எழுத்தை எப்படிக் கற்கிறான், கற்றதை எப்படிப் படிக்கிறான், மனத்தில் இருக்கும் சொல் எப்படி விரல் வழியே இறங்கித் தாளில் வந்து உட்காருகிறது என்று ஆராய விரும்புகிறவர்களுக்கு இந்தக் கரையைக் காட்டிலும் நல்ல பாடசாலை கிடைப்பது அரிது.

இந்தப் பக்கத்துப் பழைய முஸ்லிம் குடும்பம் ஒன்றை மனத்தில் கற்பனை செய்து கொள்ளுங்கள். பாட்டனார் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். கணக்கு எழுதுவதும் கடுதாசி போடுவதும் மலையாள எழுத்தில்தான். பாட்டியோ பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. ஆனால் சிறு வயதில் ஓத்துப்பள்ளியில் குர்ஆன் ஓதக் கற்றவர். ஆகவே அரபி எழுத்துத் தெரியும். மகன் தமிழில் படித்தவர். பேரன் இங்கிலீஷ் கான்வென்டில் படிக்கிறான். நால்வரும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே பேச்சைத்தான் பேசுகிறார்கள். மலையாள வாடை கொஞ்சம் வீசும் மேலைக்கரைத் தமிழ் அது. ஆனால் பாட்டனார் எழுதி வைத்த கடன் பத்திரத்தை மகன் படிக்க இயலாது; மகன் எழுதியதைப் பாட்டி படிக்க இயலாது; பாட்டி படிக்கும் எழுத்தைப் பேரன் கூட்டி வாசிப்பான், பொருள் தெரியாது. நாக்கு ஒன்று, எழுத்து நான்கு!

இது எப்படி நேர்ந்தது என்பதை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. தென்திருவிதாங்கூரில் ஒரு காலத்தில் வட்டெழுத்து வழங்கியது. அதன் வழிவந்த மலையாண்மை என்னும் எழுத்தும் வழங்கியது. திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி கோயிலின் மதிலகம் ஏடுகளைப் புரட்டுகிறவர்கள் இன்றும் இந்தப் பழைய எழுத்துக்களோடு மல்லாட வேண்டியிருக்கிறது. பிறகு இப்பொழுதுள்ள மலையாள எழுத்து வந்தது. 1817-ஆம் வருஷத்திலேயே ராணி கௌரி பார்வதி பாய், கல்விச் செலவு முழுவதையும் சர்க்காரே ஏற்க வேண்டும் என்று உத்தரவிட்டார். பெருமைக்குரிய உத்தரவுதான். ஆனால் பிற்காலத்தில் மேலைத் தாலுக்காக்களில் பெருகிய பள்ளிக்கூடங்கள் பலவற்றில் பாடமொழி மலையாளமாக இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்களும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி ஜில்லா ஆயின. விளவங்கோட்டில் அடங்கியிருந்த தேங்காய்ப்பட்டணத்துக்கு அன்றைய தினம் சர்க்கார் எழுத்து மாறியது. ஜனங்களின் பேச்சு மாறவில்லை.

இந்த மாறுதலின் நடுவில் வளர்ந்தவர்தான் தோப்பில் முகம்மது மீரான். 1944-ல் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்தார். வீட்டில் பேசியது தமிழ். பள்ளியில் கற்றது மலையாளம். வயிற்றுப் பிழைப்புக்குத் திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வியாபாரம். இப்படிப்பட்டவர் கதை எழுத முன்வந்தபோது எந்த எழுத்தைக் கையில் எடுப்பது? படித்த எழுத்து ஒரு பக்கம் இழுக்கிறது. பிறந்த நாக்கு ஒரு பக்கம் இழுக்கிறது. மீரான் நாக்கின் பக்கம் போனார். 1988-ல் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ புத்தகமாக வந்தது. 1997-ல் ‘சாய்வு நாற்காலி’ நாவலுக்கு சாகித்ய அகாதமி பரிசு கிடைத்தது. 2019-ல் காலமானார். பள்ளிக்கூடத்தில் முறையாகத் தமிழ் படிக்காத ஒருவர் தமிழ் நாவலுக்குத் தேசத்தின் பரிசைப் பெற்றார் என்றால், எங்களைப் போன்ற உபாத்தியாயர்கள் கொஞ்சம் தலையைக் குனிந்துகொண்டு யோசிக்க வேண்டிய விஷயம் அல்லவா?

அந்த முதல் நாவலின் பிணக்கே பள்ளிக்கூடத்தைப் பற்றியதுதான். ஊருக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வரப் போகிறது. பெரிய வீட்டு முதலாளி அதை எதிர்க்கிறார். எழுத்து வந்தால் தம் அதிகாரம் போய்விடும் என்று அந்த முதலாளிக்கு உள்ளூரத் தெரிந்திருக்கிறது. எழுத்தின் வலிமையை அதை ஆதரிப்பவர்களைவிட எதிர்ப்பவர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

இனி, எழுத்தைப் படிக்கும்போது என்னதான் நடக்கிறது என்று பார்ப்போம்.

இந்த வரியைப் படித்துக் கொண்டிருக்கும் உங்கள் கண், ஆற்றில் தோணி போவது போல வழுக்கிச் செல்கிறது என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. தவளை போலத் தாவுகிறது. ஓரிடத்தில் ஏறக்குறைய கால் விநாடி நிற்கிறது, அடுத்த இடத்துக்குத் தாவுகிறது, மறுபடி நிற்கிறது. நிற்கும்போதுதான் படிக்கிறோம், தாவும்போது கண் ஏறக்குறைய குருடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எமில் ஜாவால் என்ற பாரிஸ் கண் வைத்தியர் இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். நீண்ட சொல் வந்தால் கண் அதில் இரண்டு மூன்று தடவை இறங்கி ஏற வேண்டும். நம் தமிழோ, ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கும்’ என்று ரயில் வண்டி போலச் சொற்களைக் கோத்துவிடும் பாஷை. இரண்டாம் வகுப்புக் குழந்தை இந்தச் சொல்லின் கடைசிப் பெட்டிக்கு வந்து சேருவதற்குள் என்ஜின் எது என்பதை மறந்துவிடுகிறது. ‘என்னடா, இப்போதுதானே படித்தாய்?’ என்று நாம் அதட்டுகிறோம்.

கண் நிற்கும் இடத்தில் இரு பக்கமும் சமமாகப் பார்ப்பதும் இல்லை. இங்கிலீஷைப் போல இடமிருந்து வலமாகப் படிப்பவர்கள், நிற்கும் இடத்துக்கு வலப்புறத்தில்தான் அதிக எழுத்துக்களை முன்கூட்டியே நோட்டம் விடுகிறார்கள். ஹீப்ரு போன்ற வலமிருந்து இடமாக ஓடும் எழுத்தில் இது தலைகீழாகிறது. இரண்டும் தெரிந்த யூதர்களை வைத்து 1981-ல் பொல்லாட்செக், ரேனர் முதலானோர் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே மனிதர் ஹீப்ரு படிக்கும்போது அவருடைய கவனம் இடப்புறம் நீள்கிறது. அவரே இங்கிலீஷ் படிக்க எடுத்தால் வலப்புறம் நீள்கிறது! கண் அதே கண்தான். எழுத்துக்குத் தக்கபடி முகத்தைத் திருப்பிக் கொள்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு இந்தக் கரைப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள். விடியற்காலையில் தொப்பி அணிந்து ஓத்துப்பள்ளிக்குப் போய் உஸ்தாதின் முன்னால் வலமிருந்து இடமாக ஓதிவிட்டு, வீட்டுக்கு ஓடி வந்து புட்டும் பயறும் தின்றுவிட்டு, ஒன்பதரை மணிக்கு எங்களிடம் வந்து இடமிருந்து வலமாக வாசிக்கிறார்கள். இதற்காக எந்தப் பிள்ளையும் தலைவலி என்று சொல்லிக் கேட்டதில்லை.

ஓதுவதைப் பற்றிச் சொன்னேன். அதில் இன்னொரு பாடம் இருக்கிறது. 1986-ல் கஃப், டன்மர் என்ற இருவர் வாசிப்பை ஒரு கணக்காக்கினார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறமை ஒன்று. கேட்ட பேச்சைப் புரிந்துகொள்ளும் திறமை மற்றொன்று. வாசித்துப் புரிந்துகொள்வது இவ்விரண்டின் பெருக்கல் என்றார்கள். கூட்டல் அல்ல, பெருக்கல்! கூட்டலாக இருந்தால் ஒன்றில் குறைந்ததை மற்றொன்றில் ஈடு செய்துகொள்ளலாம். பெருக்கலில் ஒரு பக்கம் சைபர் ஆனால் விடையும் சைபர்தான். குர்ஆனை அட்சர சுத்தமாக ஓதும் பத்து வயதுப் பையனுக்கு ஒலியாக்கும் திறமை நிரம்ப இருக்கிறது. அரபி பாஷை தெரியாதபடியால் பொருள் கிட்டுவதில்லை. ஸம்ஸ்கிருத சுலோகத்தைக் கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளைக்கும் இதே நிலைமைதான். ஓதுவதற்கும் ஒப்பிப்பதற்கும் வேறு பயன் உண்டு. அதை யாரும் மறுக்கவில்லை. அதை வாசிப்புத் திறமையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம் என்பதே நான் சொல்வது. மறு புறம், உலக விஷயமெல்லாம் பேசும் பாட்டிக்குத் தமிழில் புரியாத பேச்சே கிடையாது, எழுத்துத் தெரியாது. இந்த இரண்டு பாதிகளையும் ஒட்ட வைத்தால் என்ன?

நம் முன்னோர்கள் ஒட்ட வைத்தார்கள். அதற்குப் பெயர் அரபுத் தமிழ். தமிழ்ப் பேச்சை அப்படியே அரபி எழுத்தில் எழுதுவது. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக, இருக்கிற எழுத்துக்களிலேயே புள்ளிகளைச் சேர்த்துப் புது எழுத்துக்கள் செய்துகொண்டார்கள். ஓதக் கற்றவளுக்கு எழுத்து ஏற்கனவே தெரியும். தமிழ் தாய்ப் பாலோடு வந்தது. ஆகவே வேறு பள்ளிக்கூடம் வேண்டாமலேயே வாசிப்பு கைகூடிவிட்டது. வீட்டை விட்டு வெளியே போகாத எத்தனையோ பெண்மணிகள் இந்த வழியில் மார்க்க நூல்களையும் பாட்டுக்களையும் படித்தார்கள். காயல்பட்டினத்தில் 1816-ல் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் இவ்வகையில் நூல்கள் எழுதிய பெரியவர். மேற்கே மலபாரில் இதைப் போலவே அரபு மலையாளம் இருந்தது. 1607-ல் இயற்றப்பட்ட முஹியுத்தீன் மாலை அதில் புகழ் பெற்றது. தேங்காய்ப்பட்டணம் இந்த இரண்டு வழக்குகளுக்கும் நடுவிலுள்ள கரை. இக்காலத்தில் அரபுத் தமிழ் அச்சுப் புத்தகங்கள் பெட்டியின் அடியில் கிடக்கின்றன. அவற்றைப் படித்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க் கொண்டிருக்கிறார்கள். பேரனுக்கு அரபி எழுத்தும் தெரிகிறது, தமிழும் தெரிகிறது. ஆனால் இரண்டையும் ஒரு வரியில் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் இல்லை. அவனுக்கு ஒரு மாதம் சொல்லிக் கொடுத்தால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

தமிழ் எழுத்துக்கு வருவோம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. இங்கிலீஷில் 26-தானே, நமக்கு மட்டும் ஏன் இந்தப் பாரம் என்று சிலர் பெருமூச்சு விடுகிறார்கள். பாரமும் உண்டு, லாபமும் உண்டு. கன்னடக் குழந்தைகளை ஆராய்ந்து ஸோனாலி நாக் 2007-ல் வெளியிட்ட கட்டுரையில், இத்தகைய எழுத்துக்களை முழுமையாகக் கற்பது ஒரு வருஷத்தில் முடிகிற காரியமல்ல, ஆரம்பப் பள்ளியின் மேல் வகுப்புகள் வரையில் மெதுவாக நீள்கிறது என்று காட்டியிருக்கிறார். ஒன்றாம் வகுப்பு முடிவதற்குள் 247-ம் வர வேண்டும் என்று துடிக்கும் தாய்மார்கள் இதைக் கவனிக்கலாம். லாபம் என்னவென்றால், எழுத்தைக் கற்றுவிட்டால் வாசிப்பு வந்துவிட்டது. இங்கிலீஷில் அப்படி நம்பி இறங்க முடியாது. எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்று.

உயிர்மெய்யில் ஒரு வேடிக்கை. ‘கெ’, ‘கே’, ‘கை’ இவற்றில் உயிரின் குறி முன்னால் நிற்கிறது. ஒலியோ பின்னால் வருகிறது. ‘கொ’ என்பதில் குறி இரு பக்கமும் காவல் நிற்கிறது. கண் முதலில் பார்ப்பதை நாக்கு கடைசியில் சொல்ல வேண்டும். ஹிந்தியிலும் இகரக் குறி இப்படி முன்னால் வரும். அத்தகைய சொற்களைப் படிக்கச் சற்று அதிக நேரம் பிடிக்கிறது என்று ஜ்யோத்ஸ்னா வைத், குப்தா இருவரும் 2002-ல் எழுதினார்கள். குழந்தை ‘கொடி’ என்பதைக் ‘கெடி’ என்று வாசித்தால் அது அசட்டுத்தனம் அல்ல. குறியின் ஒரு பாதியை வாங்கிக்கொண்டு மறு பாதி வருவதற்குள் நாக்கு புறப்பட்டுவிட்டது. அவ்வளவுதான்.

எழுத்தின் வடிவமும் மாறாத சாசனமல்ல. ஏகார ஓகாரங்களுக்கு இப்பொழுதுள்ள வேறுபாட்டை வகுத்தவர் வீரமாமுனிவர். 1978-ல் தமிழ்நாடு சர்க்கார் பெரியாரின் சீர்திருத்தத்தை ஏற்று, ‘லை’, ‘னை’, ‘றா’ முதலிய பதின்மூன்று எழுத்துக்களின் வடிவத்தை மாற்றியது. நான் பள்ளியில் படித்தது புது வடிவம். என் தந்தையார் கடைசி வரையில் யானைத் தும்பிக்கை வைத்த ‘லை’யைத்தான் எழுதினார். அவர் கடிதத்தைப் படிக்க எனக்கு ஒரு நாளும் சிரமம் ஏற்பட்டதில்லை. பதின்மூன்று எழுத்துக்கள் என்றால் கண் தானே சமாளித்துக் கொள்கிறது.

நம்முடைய எழுத்தில் இன்னொரு சிக்கனம் உண்டு. ‘பந்து’ என்று எழுதினால் குழந்தை விளையாடும் பந்தா, அல்லது உறவினரைக் குறிக்கும் பந்துவா? ‘பாவம்’ என்றால் செய்த பாவமா, முகத்தில் காட்டும் பாவமா? மலையாளத்தில் இவற்றுக்குத் தனித்தனி எழுத்து உண்டு. தமிழ் எழுத்தோ பாதியைச் சொல்லிவிட்டு, ‘மீதியை நீயே தெரிந்துகொள்’ என்கிறது. பேச்சுத் தெரிந்தவனுக்கு இது போதும். மலையாள வழியில் படித்துவிட்டுத் தமிழுக்கு வந்த குமரி ஜில்லாக்காரர்கள் பலரும், முதலில் இந்தச் சிக்கனத்தைக் கண்டு திகைத்தோம் என்றே சொல்வார்கள். தமிழ்நாட்டில் 2006-ஆம் வருஷச் சட்டம் தமிழைக் கட்டாய பாடமாக்கிய பிறகு, இந்த ஜில்லாவில் வீட்டில் மலையாளம் பேசும் சிறு குழந்தைகளும் இதே திகைப்பை அனுபவிக்கிறார்கள். அவர்களுக்கு எழுத்து மட்டுமல்ல, எழுத்து சொல்லாமல் விடும் மீதியையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும்.

எழுதிப் பழகுவதைப் பற்றி ஒரு வார்த்தை. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் குழந்தையின் விரலைப் பிடித்து மணலில் எழுத வைத்தார்கள். 1789-ல் சென்னை எழும்பூர் அநாதைப் பிள்ளைகள் பள்ளியின் தலைவராக வந்த ஆண்ட்ரூ பெல் பாதிரியார், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, தம் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையையும் சேர்த்து, ‘மதராஸ் முறை’ என்று 1797-ல் லண்டனில் புத்தகம் போட்டார். அது இங்கிலாந்து முழுவதும் பரவியது. நம் திண்ணை மணல் கடல் தாண்டிப் போய்ப் புகழ் பெற்றுத் திரும்பியபோது, இங்கே அதைப் பழைய பஞ்சாங்கம் என்று ஒதுக்கிக் கொண்டிருந்தோம்!

அந்த மணலில் என்ன விசேஷம்? 2005-ல் லோங்காம் என்ற பிரெஞ்சுப் பெண்மணியும் நண்பர்களும் மூன்று முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளுக்கு எழுத்துக் கற்பித்தார்கள். சிலருக்குக் கையால் எழுத வைத்து, சிலருக்குப் பொறியில் தட்ட வைத்து. பெரிய குழந்தைகளில் கையால் எழுதியவர்களே பிறகு எழுத்தை நன்றாக அடையாளம் கண்டார்கள். கை கற்றதைக் கண் இரவல் வாங்கிக்கொள்கிறது.

இதற்கு மிகவும் விசித்திரமான சாட்சி ஒருவர் பாரிஸில் இருந்தார். 1887-ல் ஒரு நாள் அந்தக் கனவானுக்குத் திடீரென்று அச்சு எழுத்து விளங்காமல் போய்விட்டது. பார்வை இருக்கிறது, பேச்சு இருக்கிறது, புத்தி தெளிவாக இருக்கிறது. எழுதச் சொன்னால் பிழையின்றி எழுதுகிறார். எழுதி முடித்ததை உடனே படிக்கச் சொன்னால் அவரால் படிக்க முடியவில்லை! ஆனால் விரலால் எழுத்தின் வடிவத்தைத் தடவி வரைந்து பார்த்தால் இன்ன எழுத்து என்று சொல்லிவிடுவார். கண்ணுக்கு அடைபட்ட கதவு விரலுக்குத் திறந்திருந்தது. டெஜரீன் என்ற வைத்தியர் அவர் இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்து 1892-ல் விவரத்தை வெளியிட்டார். மூளையின் இடப் பாகத்தில் பின்புறமாக ஓரிடம் பழுதுற்றிருந்தது. நம் காலத்தில் டெஹேன் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி அந்தப் பிரதேசத்தை மூளையின் ‘எழுத்துப் பெட்டி’ என்று செல்லமாக அழைக்கிறார். சீன எழுத்தோ, ஹீப்ருவோ, லத்தீன் எழுத்தோ, எதைப் படித்தாலும் அந்த ஒரே பக்கத்துப் பெட்டிதான் திறக்கிறது. பிறக்கும்போது அங்கே எழுத்து ஒன்றும் கிடையாது. உருவங்களையும் முகங்களையும் அடையாளம் காணும் இடத்தின் ஒரு பகுதியை நாம் கற்றுக் கற்று எழுத்துக்கென்று பிடித்துக் கொள்கிறோம்.

குழந்தைகள் சில எழுத்துக்களைக் கண்ணாடியில் பார்த்தாற்போலத் திருப்பி எழுதுவதற்குக் காரணமும் இதுவே. செம்பை இப்படித் திருப்பினாலும் செம்பு, அப்படித் திருப்பினாலும் செம்பு. அடையாளம் காணும் புத்திக்கு அது நல்ல வழக்கம். எழுத்துக்கு மட்டும் அந்த வழக்கத்தை மறக்க வேண்டும். மறக்கக் கொஞ்ச காலம் ஆகும். பிரம்பு அதைத் துரிதப்படுத்தாது.

ஒலியை நறுக்கும் திறமையும் தானாக வருவதல்ல. ‘கடல்’ என்ற சொல்லில் முதல் ஒலியை எடுத்துவிட்டுச் சொல் என்று கேட்டால், எங்கள் பிள்ளைகள் ‘டல்’ என்பார்கள். ‘அடல்’ என்று சொல்பவன் அபூர்வம். எழுத்தறியாத பெரியவர்களிடம் போர்ச்சுகல் தேசத்தில் மொராய்ஸ் முதலானோர் 1979-ல் இப்படிச் சோதித்தபோது, அவர்களால் முதல் ஒலியை நீக்கவே முடியவில்லை. வயது வந்த பின் எழுத்துக் கற்றவர்களால் முடிந்தது. நாம் எழுத்தைக் கற்றதால்தான் பேச்சுக்குள் ஒலிகள் தனித்தனியாக இருப்பது தெரிகிறது. ஆக்ஸ்போர்டில் பிராட்லி, பிரையன்ட் இருவரும் 1983-ல் காட்டியது இன்னும் ருசிகரமானது. பள்ளிக்கு வருமுன்பே சொற்களின் எதுகை மோனையை உணரும் குழந்தை பின்னால் வாசிப்பில் முந்துகிறது. எதுகையும் மோனையும் நமக்குப் புதிதா? அகர வரிசையிலேயே ஆத்திசூடி செய்த ஔவையின் நாடு இது. குமரி ஜில்லாவில் தேரூரில் பிறந்து ஆசிரியராக வாழ்ந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, மழலைகளுக்கென்று செய்த பாட்டுக்களைத் தாய்மார்கள் மடியில் வைத்துச் சொல்லிக் கொடுத்தாலே, ஒன்றாம் வகுப்பு உபாத்தியாயரின் வேலையில் பாதி தீர்ந்தது.

ஆனாலும் இந்தக் கரைப் பிள்ளைக்கு ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. புத்தகத்தில் ‘பலா’ என்று அச்சிட்டுப் பக்கத்தில் படம் போட்டிருப்பார்கள். பையன் கணீரென்று ‘சக்கை’ என்பான். ‘மரவள்ளி’ என்ற இடத்தில் ‘மரச்சீனி’ என்பான். எழுத்தைப் படிக்காமல் படத்தைப் படிக்கிறான் என்பது உண்மை. அதைத் திருத்த வேண்டும். ஆனால் அவன் சொன்ன சொல் பிழையல்ல. அவன் வீட்டுச் சொல். புத்தகச் சொல்லையும் வீட்டுச் சொல்லையும் இணைத்துக் காட்டாமல், ‘தப்பு’ என்று அடித்துவிட்டால், எழுத்துக்கும் தன் வீட்டுக்கும் சம்பந்தமில்லை என்று குழந்தை முடிவு கட்டிவிடும். மீரான் செய்த பெரிய காரியம் இந்த இடத்தில்தான். வாப்பாவும் உம்மாவும் பேசிய பேச்சை அவர் வெட்கப்படாமல் அச்சில் ஏற்றினார். தஞ்சாவூர்க்காரர் அவர் நாவலைப் படிக்கையில் அங்கங்கே கண்ணை நிறுத்தி, உதட்டை அசைத்து, ஒலித்துப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. முதல் தடவை எழுத்துக் கூட்டும் குழந்தையின் நிலைக்குப் பெரியவர்களை அவர் கொண்டுபோய் விடுகிறார். நல்லதுதான்.

2011-ஆம் வருஷத்து ஜனக்கணிதப்படி கன்னியாகுமரி ஜில்லாவில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்கு 91.75; தமிழ்நாட்டிலேயே முதல் இடம். பெருமைதான். ஆனால் ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிறகும் வரியைக் கூட்ட முடியாமல், பக்கத்துப் பிள்ளை வாசிப்பதைக் கேட்டுப் பாடம் பண்ணிவிட்டு, புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாலும் அதே வரியை ஒப்பிக்கும் கெட்டிக்காரர்களை ஒவ்வொரு உபாத்தியாயரும் பார்த்திருப்பார். அந்தப் பிள்ளை சோம்பேறி அல்ல. மற்றவர்களைவிட இரட்டிப்பு உழைக்கிறவன். பேச்சில் சூடிகையாக இருந்தும் எழுத்து மட்டும் பிடிபடாத குழந்தைகள் எல்லா நாட்டிலும், எல்லா எழுத்திலும் உண்டு. நம் நாட்டில் 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் சட்டம் இந்தக் குறையைப் பெயர் சொல்லி ஏற்றுக் கொண்டிருக்கிறது. பரீட்சையில் சலுகைகளும் உண்டு. பல பெற்றோர்களுக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும், பிள்ளைக்குக் களங்கம் வந்துவிடுமோ என்று மறைக்கிறார்கள். ‘மாடு மேய்க்கத்தான் லாயக்கு’ என்ற வசையை வாங்கிக்கொண்டு பத்து வருஷம் பெஞ்சில் உட்காருவதைவிட அது பெரிய களங்கமா? சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். கதையைச் சொல்லிக் கேள்வி கேளுங்கள். பிறகு அதே போன்ற கதையைப் படிக்கச் சொல்லிக் கேள்வி கேளுங்கள். முதலாவதில் தேறி இரண்டாவதில் தவறினால், பிள்ளையின் புத்தியில் குறையில்லை. பெருக்கலில் ஒரு பக்கம்தான் குறைந்திருக்கிறது. அந்தப் பக்கத்துக்கு மட்டும் மருந்து தேட வேண்டும்.

பாட்டிமார்களுக்கும் காலம் கடந்துவிடவில்லை. லக்னோவுக்கு அருகிலுள்ள கிராமங்களில் எழுத்தறியாத பெரியவர்களுக்கு ஆறு மாதம் தேவநாகரி கற்பித்து, முன்னும் பின்னும் மூளையைப் படம் பிடித்தார்கள். ஹூட்டிக் முதலானோர் முடிவை 2017-ல் வெளியிட்டார்கள். அந்த ஆறே மாதத்தில் மூளையின் ஆழத்திலுள்ள பகுதிகள்கூட மாறுதல் அடைந்திருந்தன. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். முப்பது வயதைத் தாண்டியவர்கள்.

தலைப்பில் நான்கு எழுத்து என்று போட்டேன். ஐந்தாவது ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பேரன் கைப்பேசியில் வளைகுடாவிலிருக்கும் மாமாவுக்குச் செய்தி அனுப்புகிறான். சொல்வது தமிழ், தட்டுவது இங்கிலீஷ் எழுத்து. ழகரத்துக்கு இசட்டும் ஹெச்சும். நெடிலுக்கு ஏயை இரண்டு தடவை. ணகரமும் நகரமும் அடையாளம் இல்லாமல் ஒன்றாகிவிடுகின்றன. மாமா ஒரு தடையும் இன்றிப் படித்துவிடுகிறார். பெரியவர்கள் இதைக் கண்டு தமிழுக்குக் கேடு வந்துவிட்டது என்கிறார்கள். பாட்டியோ திரையை எட்டிப் பார்த்துவிட்டு, “இது என்ன மக்கா, நாங்க அரபியில எழுதுன மாதிரி நீ இங்கிலீஷ்ல எழுதுற?” என்று கேட்கிறாள்.